பதினேழாம் நம்பர் சிஸ்டம்

"பதினேழாம் நம்பர் சிஸ்டம் எனக்கு வேணும்ணா."

லேப்பில் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று முதல் வருடமே சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன். மறுநாள் ப்ராஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள். பாலத்தின் மேல் லாரி ஏறினால் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் என் மாடல், மற்ற சிஸ்டங்களில் பாதியில் உறைந்து நின்றது. மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டில் லேப்டாப் கிடையாது. எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்தவளே நான்தான்.

லேப் அசிஸ்டென்ட் சென்னப்பன் நிமிரவில்லை. "அது ரிப்பேரும்மா."

"ரிப்பேர்னா உள்ள ஃபேன் ஏண்ணா ஓடுது?"

போய் உட்கார்ந்தேன். மணி இரண்டு. என் மாடலுக்கு இரண்டு மணி நேரம் போதும். நாலரைக்கு கரண்ட் மெயின் சுவிட்சை இழுத்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பெண்களைக் கிளப்புவார்கள். ஐந்துக்கு மறுபடி போட்டு, ஹாஸ்டல் பையன்களை உள்ளே விடுவார்கள்.

திரை தானாக விழித்தது.

ஏற்கெனவே ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. 'அன்பரசி_கடைசி'. அறுபத்தொரு சதவீதம்.

"யாருண்ணா அன்பரசி?"

சென்னப்பன் சுவரோடு ஒட்டி நின்றார். "அஞ்சு வருசம் ஆச்சும்மா. பத்து நிமிசம்னு கெஞ்சுச்சு. நாந்தான் மெயின இழுத்தேன். அழுதுட்டே ஓடுச்சு, பஸ்ஸு போயிருச்சு. ரோட்டுல தக்காளி லாரி..."

ஏசி குளிரில் நசுங்கிய தக்காளி வாடை வந்தது.

"தெனம் காலைல அதுவா ஆரம்பிக்குது. தெனம் நாந்தான் நிறுத்துறேன்."

எனக்கு மதிப்பெண் வேண்டும். மவுஸை 'நிறுத்து' பொத்தானுக்குக் கொண்டுபோனேன்.

என் காதோரம், ஈரமாக:

"பத்து நிமிசம்ணா."

அதைச் சொன்னது நான் இல்லை.

சென்னப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

 பயம் மட்டுமில்லை. செத்த பிறகும் ஒருத்தி அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்ற எரிச்சல். மவுஸை விட்டுவிட்டேன்.

எண்பது.

தொண்ணூற்றொன்று.

நாலு இருபத்தெட்டுக்குத் தொண்ணூற்றெட்டு. சென்னப்பன் மெயின் பெட்டியை நோக்கி நகர்ந்தார், பழக்கதோஷம். நான் முந்திப் போய்ப் பெட்டியைப் பூட்டிச் சாவியை உருவினேன்.

"வேலைய விட்டுத் தூக்கிருவாங்கம்மா! பஸ்ஸு போயிரும், வூட்டுக்குக் கெளம்பு."

"போவட்டும். சாவி பிரின்சிபால் டேபிள்ல இருக்கும்ணா. பொண்ணுங்களுக்கும் எட்டு மணி வரைக்கும் லேப்புன்னு அவரு எழுதிக் குடுத்தப்புறம் வாங்கிக்கோங்க."

பையை எடுக்கத் திரும்பினேன்.

திரையில் அன்பரசியின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி ஏறியிருந்தது. அடுத்து ஓட வேண்டிய வேலை. என் பெயர். என் பாலம்.

என் மாடல் இருந்த பென்டிரைவ் இன்னும் பைக்குள்தான் இருந்தது.

வெளியே கடைசி ஹாரன் அடித்து பஸ் கிளம்பியது. சாவியை இறுக்கிக்கொண்டு பிரின்சிபால் அறைப் பக்கம் நடந்தேன். முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத பதினேழில், கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.