முடிவுக்கோட்டில் ஒரு கதவு

பெண்கள் நானூறு மீட்டர் அரையிறுதியில் அழாமல் ஓடியவள் ஜெசிந்தா ஒருத்திதான். அதனால்தான் நான்காவதாக வந்தாள்.

மற்ற ஏழு பேரும் முறைப்படி ஓடினார்கள். துப்பாக்கி வெடிக்கும் முன்பே நேபாளத்துக்காரிக்கு உதடு நடுங்கியது. வங்கதேசத்துப் பெண் குனிந்த நிலையிலேயே இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். வெடித்ததும் அத்தனை பேரும் அலறிக்கொண்டு பறந்தார்கள். திம்பு மைதானத்துக் குளிரில் அவர்கள் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அண்டை நாடுகள் தடகளப் போட்டி பதினொரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. யாருக்கும் இதில் விசித்திரம் எதுவும் தெரிவதில்லை.

எல்லோர் பிடரியிலும் இரண்டு விரல் அகலத்தில் ஓர் அச்சப்பட்டை. ஊக்கமருந்தை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் கண்டுபிடிப்பு அது. எங்கோ யாரோ உயிருக்குப் பயந்து ஓடிய ஒரு நிமிடத்தை அவர் நினைவிலிருந்து நகலெடுத்து, ஓடுகிறவரின் மூளைக்குள் செலுத்தும். உடம்பு தானே பயந்து, தானே சுரந்து, தானே ஓடும். ரத்தத்தைச் சோதித்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி சுத்தமாக இருக்கும். முக்கியமான விதி ஒன்றுதான். ஒவ்வொரு நாடும் தன் குடிமக்களின் பயத்தில்தான் ஓட வேண்டும். பக்கத்து நாட்டுப் பயத்தைத் தொடக் கூடாது. மீறினால் பதக்கமும் போகும், ஓடுகிற உரிமையும் போகும்.

ஜெசிந்தாவின் பட்டையில் இருந்தது ஒரு சிறுத்தை. வால்பாறையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைத் துரத்திய சிறுத்தை. அந்தப் பெண் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தித் தப்பியிருந்தாள். நிபுணர்கள் அந்தக் கதவைக் கச்சிதமாக முடிவுக்கோட்டில் பொருத்தியிருந்தார்கள். கோட்டைத் தாண்டும் கணத்தில் மரக்கதவு அறைந்து சாத்தும், தாழ்ப்பாள் விழும், முதுகெல்லாம் நிம்மதி பரவும். உலகத்தில் அதற்கு ஈடான சுகம் இல்லை என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். இரண்டு வருடம் அவள் பதக்கத்துக்காக ஓடவில்லை, அந்தக் கதவுக்காகத்தான் ஓடினாள்.

ஆனால் எந்தப் பயமும் பழகிப்போகும். சிறுத்தை இப்போது அவளுக்கு வீட்டுப் பூனை.

பயிற்சியாளர் தங்கபாண்டி அன்று மாலை விடுதிக்கு வந்து நிதானமாகவே பேசினார். புதுப் பதிவுக்கு ஒப்புதல் வாங்க ஒரு மாதமாகும், நாளைக்கு இறுதிப்போட்டி, அவளுக்கோ இருபத்தொன்பது வயது, இந்த முறை பதக்கம் இல்லையென்றால் அணியில் இடமில்லை என்றார். மணப்பாட்டுக் கடற்கரை மணலில் ஓடிப் பழகி, பதினைந்து வருடம் ஓட்டத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவள் ஜெசிந்தா. அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அந்தப் பயம் காலுக்கு இறங்கவில்லை. 

மறுநாள் பிற்பகல் மூன்று மணி. இறுதிப்போட்டிக்கான எட்டுப் பேரும் காத்திருப்பு அறையில் இருந்தார்கள். பட்டைச் சோதனை முடிந்திருந்தது. அடுத்த பத்து நிமிடம் லேஸ் மாற்றும் நேரம். இந்தப் போட்டியின் பழைய வழக்கம் அது. பக்கத்து நாட்டுக்காரியோடு ஒரு ஷூ லேஸை மாற்றிக்கொண்டு, ஒரு காலில் அவள் லேஸோடு ஓட வேண்டும். நட்புக்கு அடையாளமாம். அந்த நேரத்தில் அதிகாரிகள் மரியாதைக்காக வெளியே போய்விடுவார்கள்.

ஜெசிந்தாவோடு உட்கார்ந்தவள் தர்சிகா. முல்லைத்தீவுப் பெண், இலங்கை அணி, ஐந்து வயது இளையவள். போன வருடம் கடைசி ஐம்பது மீட்டரில் ஜெசிந்தா அவளை முந்தியிருந்தாள். முந்தப்பட்ட பெண் கோட்டைத் தாண்டியதும் குப்புற விழுந்தாள். ஜெசிந்தா குனிந்து தூக்கிவிட்டாள். இந்த வருடம் திம்புவில் நாலு நாளும் இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. அந்த ஊர் மிளகாய்க் குழம்பைத் தின்று இரண்டு பேரும் சேர்ந்து கண்ணீர் விட்டதில் நெருங்கிவிட்டார்கள்.

லேஸை உருவிக்கொண்டே தர்சிகா தலை நிமிராமல் கேட்டாள். "அக்கா, உங்களுக்கும் பழகிப் போச்சு என்ன?"

ஜெசிந்தா தன் லேஸை உருவிக்கொண்டே தலையாட்டினாள். 

"எனக்கும் நேற்று மற்ற அரையிறுதியில வேலை செய்யேல்ல. மாத்துவமோ?"

வீராங்கனைகள் ஒருவர் பயத்தை மற்றவர் கேட்பதில்லை. அது அநாகரிகம். அந்த நாகரிகம்தான் ஜெசிந்தாவைக் கவிழ்த்தது. தர்சிகா கடலோரத்துப் பெண், ஏதாவது புயலாகவோ அலையாகவோ இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டாள். கூந்தலுக்குக் கீழே கைகள் ஒரு நொடி போய் வந்தன. லேஸ்களோடு பட்டைகளும் மாறின.

துப்பாக்கி வெடித்தது.

புயல் வரவில்லை. அலை வரவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஓடுதளத்து ரப்பரில் முள்காலணி பதியும் சத்தம். அவ்வளவுதானா என்று ஜெசிந்தா நினைத்தாள். இருநூறு மீட்டரில் அது நெருங்கியது. கூடவே மூச்சும் வந்தது. சீரான, அவசரமில்லாத மூச்சு. நாலு எட்டுக்கு ஒரு தடவை அதில் ஒரு சின்ன 'ச்' ஒலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற ஒலி. அதில் கோபம் இல்லை, பசி இல்லை. அதனால் அது களைக்கவும் இல்லை. சிறுத்தைக்காவது மூச்சு வாங்கும்.

ஜெசிந்தா அலறினாள். வெகு நாளைக்குப் பிறகு முதல்முறையாக அலறினாள். கால்கள் தரையில் பட்டனவா என்று தெரியவில்லை. முந்நூறில் எல்லோரும் பின்னால் போனார்கள், அது மட்டும் போகவில்லை. முடிவுக்கோடு தெரிந்தது. கதவு, கதவு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. கோட்டைத் தாண்டினாள்.

கதவு சாத்தவில்லை.

கால் மடிந்து விழுந்தாள். அது நின்றது. அவள் மேல் குனிந்தது. காதோரமாக மூச்சு விட்டது. 'ச்.' கக்கத்தில் கை கொடுத்து அவளைத் தூக்கியது.

தங்கபாண்டி ஓடிவந்து பட்டையைக் கழற்றிவிட்டுக் கத்தினார், போட்டியின் சாதனை நேரமாம். பட்டை போனதும் கைகள் போயின, காலடி போனது. ஜெசிந்தா மண்டியிட்டு மூச்சு வாங்கினாள். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. 'ச்.'

அது இன்னும் அங்கேயே இருந்தது.

இரண்டாவதாக வந்த தர்சிகா சிரிப்பும் அழுகையுமாக ஓடிவந்தாள். "அக்கா, ஒரு கதவு! நல்ல கதவு. ஆர் வைச்சது?" பிறகு ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது.

"தர்சி, அது யாரு?"

தர்சிகா சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். போன வருடம் அவள் விழுந்த அன்றே அவர்கள் அணியின் மருத்துவர் அவள் நினைவையே நகலெடுத்துக்கொண்டாராம். சொந்தப் பயம்தான் அதிகம் வேலை செய்யுமாம். "நீங்கள்தான் அக்கா. ஒரு வருசமா நீங்கள்தான் பின்னால ஓடிவந்து என்னைக் கலைச்சனீங்கள். நாலு நாள் உங்களோட இருந்து சாப்பிட்டதில பயம் போயிட்டுது, சும்மா அக்கா ஆகிட்டீங்கள்." கொஞ்சம் தயங்கினாள். "பழகினாப் போயிடும் அக்கா."

"நான் என்கூட எப்படிட்டி பழகுறது?"

 தர்சிகா ஆறுதலாகக் கையை நீட்டினாள். அவ்வளவு கிட்டத்தில் ஒருவர் குனிவதைத் தாங்க முடியாமல் ஜெசிந்தா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அணி மருத்துவர் நாடியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். அரிதாகச் சிலருக்குப் பயம் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பதிவு என்று தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் அழித்துவிடலாம் என்றார். பட்டை அவர் கையில்தான் இருந்தது. அதைச் சோதிக்காமல் பதிவேட்டை மட்டும் பார்த்து, சிறுத்தைதானே, அழித்துவிடுகிறேன் என்றார். ஜெசிந்தா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் தனக்கும் தர்சிகாவுக்கும் இனி ஓட்டமே இல்லை. வாயை மூடிக்கொண்டாள். சிறுத்தையை அழித்தார்கள். அதோடு, அவள் எப்போதும் நம்பிக்கொண்டிருந்த கதவும் போனது.

ஐந்து மணிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மேடையின் உச்சிப் படியில் ஏறியபோது அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை, பனி மூடிய மலைதான் இருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். குளிரில் அவள் மூச்சு வெள்ளையாக முன்னால் போய், காற்றில் திரும்பி அவள் தோள் பக்கமாகவே வந்தது.

கொடி ஏறத் தொடங்கியது. தேசிய கீதம் ஐம்பத்திரண்டு விநாடி. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. தொலைக்காட்சியில் வர்ணனையாளர் நெகிழ்ந்துபோனார். மூச்சுக்கூட விடாமல் நிற்கிறாள் பாருங்கள், இதுவல்லவா நாட்டுப்பற்று என்றார்.

முப்பது விநாடியில் நெஞ்சு எரிந்தது. நாற்பதில் கண் இருண்டது. கீழ்ப்படியிலிருந்து தர்சிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீதம் முடிந்தது, ஜனங்கள் ஆரவாரித்தார்கள், ஜெசிந்தா அப்படியே நின்றாள்.

பிறகு மூச்சு விட வேண்டியிருந்தது.