புகைக்கொட்டகைப் பெரட்டு

"வெள்ளையம்மா" என்று ஐயாசாமி கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்று பதில் வந்தது. குரல் சரிதான். வந்த திசைதான் சரியில்லை.

லயத்துக் குடியிருப்பு ஜனங்கள் எல்லாரும் அவனுக்கு எதிரே இருந்தார்கள். ரப்பர் ஷீட்டுகள் தொங்கும் மூங்கில்களுக்குக் கீழே, மூட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் முட்டி இன்னொருவர் முதுகில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பதில் அந்தக் கூட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் பாதத்துக்கு அடியிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

அடுத்த பெயரைச் சொல்லாமல் நின்றான். தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூடக் கேட்காது. அந்த இரைச்சலில் ஒரு குரலின் திசையை எப்படிச் சொல்ல முடியும்? காது ஏமாற்றியிருக்கும் என்று நினைத்தான். தன் காதை மட்டுமல்ல, தன்னுடைய எதையுமே அவன் முழுசாக நம்பியதில்லை. தோட்டத்து மாலைப் பள்ளியில் கூட்டல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, எதற்கும் இன்னொரு தரம் பார்ப்போம் என்று பலகையை அழித்து, இரண்டாவது தரம் தப்பாகப் போட்டு வாத்தியாரிடம் கொட்டு வாங்குகிறவன் அவன்.

கங்காணி செல்லப்பனுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து பெரட்டில் பெயர் கூப்பிடுவது ஐயாசாமியின் வேலையாகிவிட்டது. தினமும் விடிவதற்கு முன் லயத்து வாசலில் ஜனங்கள் வரிசையாக நிற்பார்கள். அவன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். "இருக்கேங்க" என்று குரல் வந்தால் அன்றைக்கு அந்த ஆளுக்குப் பேர் விழும். ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போகலாம்.

இன்றைக்குப் பால்வெட்டு இல்லை. மெர்சிங் பக்கம் கடலில் புயல், மழை உள்நாட்டுக்கு வருகிறது, ஆற்றோரத்து லயத்தைக் காலி செய்யுங்கள் என்று காலையிலேயே குளுவாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து சேதி வந்துவிட்டது. தொரை குதிரையிலிருந்து இறங்காமலே உத்தரவு போட்டுவிட்டுப் போனார். தோட்டத்தில் மேடான இடம் புகைக்கொட்டகைதான். கீழே அடுப்பு, மேலே ஷீட்டு காயும் தளம். புகை ஏறுவதற்காகத் தளத்தின் சட்டங்களை விரல் இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள்.

ஐயாசாமி ஒழுங்காகத்தான் எல்லாம் செய்தான். அடுப்பை அவித்தான். பாதி காய்ந்த ஷீட்டுகளை உயரத்துக்கு ஏற்றினான். அரிசி, கருவாடு, குடிதண்ணீர்த் தவலை, காய்ந்த விறகு எல்லாவற்றையும் மேல்தளத்துக்குத் தூக்க வைத்தான். லயத்தின் அத்தாப்பு ஓலைக் கூரையை நான்கு மூலையிலும் பிரம்பால் இழுத்துக் கட்டினான். கட்டிய முடிச்சைப் போய்ப் போய் இழுத்துப் பார்த்தான். மத்தியானம் சாய்ந்து வானம் ஈயச்சட்டி நிறமானபோது, லயத்து வாசலில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, ஒரு பெயருக்கும் பதில் தவறவில்லை என்று கண்டபிறகே பலகைப் பாலத்தைக் கடக்கவிட்டான். கடைசி ஆளாக அவன் கடந்த சற்று நேரத்தில் ஆறு பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இப்போது கொட்டகையைச் சுற்றி நான்கு பக்கமும் தண்ணீர். கீழே அடுப்பறைக்குள்ளும் தண்ணீர். அதில் பாம்புகள் நீந்தி ஏணியில் சுற்றிக்கொள்வதைப் பார்த்துத் தளத்தின் தூக்குக் கதவைச் சாத்தி மேலே விறகைப் போட்டு வைத்திருந்தார்கள். எதற்கும் இன்னொரு தரம் என்றுதான் இங்கேயும் அவன் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

உள்ளே அவிந்த அடுப்பின் புகைக் காரமும் ஈர ரப்பரின் புளித்த வாடையும். பொழுது சாயவில்லை, ஆனால் இருட்டிவிட்டது. அரிக்கேன் விளக்கு ஆடும்போதெல்லாம் தொங்கும் ஷீட்டுகளின் நிழல்கள் உரித்துப்போட்ட தோல்போல் சுவரில் அசைந்தன.

"என்ன தம்பி, வெள்ளையம்மாவோட நின்னுட்டே? பசங்க தூங்குறதுக்குள்ள முடி" என்றார் கங்காணி.

ஐயாசாமி வெள்ளையம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி பக்கம் விளக்கைத் தூக்கினான். "கிருஷ்ணம்மாக்கா, நீங்களா குரல் குடுத்தீங்க?"

"நானா? இப்ப நான் வாயே தொறக்கலையே."

இப்ப. அப்படியென்றால் முன்னால்?

தோட்டத்தில் அது ஒரு வழக்கம். உடம்புக்கு முடியாமல் பிந்தி வருகிறவளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி "இருக்கேங்க" என்று சொல்லிவிடுவாள். பேர் விழுந்துவிட்டால் ஆள் பிறகு வந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். யாருக்கு யார் குரல் கொடுப்பார்கள் என்பது ஐயாசாமிக்கு மனப்பாடம். கேட்டும் கேட்காததுபோல் அடுத்த பெயருக்குப் போவான். அது ஒரு நல்ல காரியம் என்றுகூட நினைத்திருந்தான்.

மத்தியானம் லயத்து வாசலில் வெள்ளையம்மாவின் பெயருக்கு வந்தது கிருஷ்ணம்மாவின் குரல். அவனுக்கு அது தெரிந்தது. தெரிந்தும், பழகிய வாய் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

"அப்ப லயத்துல சொன்னது?"

கிருஷ்ணம்மாவின் முகம் மெல்ல மாறியது. "அங்க நான்தான் சொன்னேன். தினம் சொல்றதுதானே தம்பி. குளிர்காய்ச்சல்ல போத்திக்கிட்டுப் படுத்திருந்தா. நீ நட, பின்னாடியே வரேன்னா. முன்னாடி போன கூட்டத்தோட ஏறியிருப்பான்னு..."

"அலமாக்!" என்றான் பின்னாலிருந்த மூர்த்தி. "பேரைக் கொண்டாந்துட்டு ஆளை விட்டுட்டு வந்துட்டீங்களா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எல்லார் கண்களும் கூட்டத்தைத் துழாவின. வெள்ளையம்மா இல்லை.

ஐயாசாமி ஒன்றையே நினைத்தான். அவளை நான் விட்டுவிட்டு வந்தேன். அவள் செத்தால் அது என்னால்.

"வெள்ளையம்மாக்கா!" என்று மறுபடி கூப்பிட்டான்.

"இருக்கேங்க."

இந்தத் தடவை எல்லாரும் கேட்டார்கள். தளத்துக்கு அடியிலிருந்துதான். முதலில் சொன்ன அதே இழுப்பு, அதே அளவு, மூச்சு வாங்காத குரல்.

"நீந்தி வந்துட்டா!" கிருஷ்ணம்மா எழுந்தாள். "ஏணியத் தொத்திக்கிட்டு இருக்கா. கதவைத் தொறங்க!"

ஐயாசாமி குனிந்து சட்டங்களின் இடைவெளியில் விளக்கைக் காட்டிப் பார்த்தான். அடுப்புச் சாம்பல் மிதக்கும் கறுப்புத் தண்ணீர், கை நீட்டினால் தொடும் உயரத்துக்கு வந்திருந்தது. சாம்பல் கலையாமல் ஆடை கட்டியதுபோல் நின்றது. நீந்தும் ஆள் இருந்தால் அது கலைந்திருக்காதா? விளக்கை இடமும் வலமும் நகர்த்தினான். ஏணியில் யாரும் இல்லை.

"ஆளைக் காணோமே."

"இன்னும் என்னடா பார்வை!" என்று கங்காணி கத்தினார். "ஒரு தரம் விட்டுட்டு வந்தது போதாதா?"

அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. விறகைத் தள்ளிக் கதவைத் தூக்கினான். மிதந்துகொண்டிருந்த சாம்பலுக்குள் கையை விட்டான்.

ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

ஜில்லென்றிருந்தது. தண்ணீரில் கிடந்தவள் கை ஜில்லென்றுதானே இருக்கும். இழுத்தான். புடவையெல்லாம் ஊறிய பெண்பிள்ளை கனக்க வேண்டும். கனக்கவில்லை. நனைந்த சாக்கு ஒன்றை எடுப்பதுபோல் சுலபமாக மேலே வந்தாள். வெள்ளையம்மாவின் மூக்குத்தி. வெள்ளையம்மாவின் பச்சைப் புடவை. கிருஷ்ணம்மா அழுதுகொண்டே அவளைக் கட்டிப்பிடித்து, தன் மாற்றுப் புடவையால் தலையைத் துவட்டத் தொடங்கினாள். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ அவளுக்குச் சுக்குத்தண்ணி கொடுக்கச் சொன்னார்கள்.

ஐயாசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆள் வந்துவிட்டாள். என் தப்பு சரியாகிவிட்டது. இதைத் தனக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான், முடிச்சை இழுத்துப் பார்ப்பதுபோல.

"எப்படிக்கா வந்தீங்க?"

"பின்னாடியே வரேன்னேனே" என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

குளிர்காய்ச்சல்காரி. உடம்பில் ஒரு நடுக்கமும் இல்லை. கிருஷ்ணம்மா தலையைத் துவட்டினாள். புடவையைப் பிழிந்தாள். மறுபடி துவட்டினாள். முடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. சட்ட இடைவெளிகள் வழியாகக் கீழே சொட்டியது. மழை இரைச்சலை மீறி அந்தச் சொட்டு மட்டும் அவனுக்குக் கேட்டது. வேகம் குறையவே இல்லை.

அவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சன்னல் பக்கம் போனான். எங்கே போவது? சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு.

அப்போது சுவரில் ஏதோ மோதியது.

மெத்தென்று ஒரு மோதல். பிறகு ஓலை உராயும் சத்தம். சன்னலென்றால் புகை போக வைத்த பலகைதான். மேலே கீல், கீழ்ப்பக்கத்தைத் தூக்கி முட்டுக்கோல் வைக்க வேண்டும். ஐயாசாமி பலகையைத் தூக்கிக் கோலைக் கொடுத்தான். மழை முகத்தில் அறைந்தது.

வெளியே சாம்பல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. லயத்துக் கூரையின் ஒரு பகுதி மிதந்து வந்து சுவரோடு ஒட்டி நின்றது. அதன்மேல் குப்புறப் படுத்து, சன்னல் கட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண். முகத்தைத் தூக்கினாள்.

மூக்குத்தி. பச்சைப் புடவை.

"தம்பி" என்றாள். உதடு நீலமாகியிருந்தது. பல் தந்தியடித்தது. "பிடிங்க தம்பி. கூரை போகுது."

அவன் அவள் விரல்களைப் பிடித்தான். சுட்டன. காய்ச்சலில் நெருப்பாய்ச் சுட்டன.

பின்னால் அலறல். விளக்கு விழப்போய்ப் பிடிக்கப்பட்டது. ஜனங்கள் சன்னலில் அந்த முகத்தைப் பார்த்தார்கள். திரும்பி உள்ளே இருந்தவளைப் பார்த்தார்கள். இரண்டு பேர். ஒரே முகம்.

"சாத்துடா!" கங்காணியின் குரல் உடைந்தது. "தண்ணியில செத்துப்போனது தெரிஞ்ச மூஞ்சிய மாட்டிக்கிட்டு வரும். உள்ள விட்டா ஒருத்தன் மிஞ்ச மாட்டான். சாத்து!"

"இருங்க! இருங்க!" ஐயாசாமி கையை விடவில்லை. ஒழுங்காக யோசிக்க வேண்டும். ஒரு வழி இருக்கும். கண்டுபிடித்துவிட்டான். சத்தமாகக் கேட்டான். "வெள்ளையம்மாக்கா, நீங்க வெட்டுற நிரையில மொத மரம் எப்படி இருக்கும்?"

வெளியே இருந்தவளின் உதடு அசைந்தது. மழைக்குள் மெலிந்த குரல். "இடி விழுந்து... பொளந்த மரம்."

"இடி விழுந்து பொளந்த மரம்" என்றாள் உள்ளே இருந்தவள். தெளிவாக. கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

"கேட்டீங்களா!" கிருஷ்ணம்மா அவளை இறுக்கிக்கொண்டாள். "இவதான். இவதான் நம்ம வெள்ளையம்மா!"

"இல்லை, மொதல்ல வெளிய இருந்துதான் சொன்னாங்க. அதைக் கேட்டுத்தான் இது..."

"நாங்க யாரும் கேக்கலையே" என்றான் மூர்த்தி.

"நான் கேட்டேன். வெளிய இருந்துதான்..." அவனுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. நிச்சயமாகக் கேட்டிருந்தது. அத்தனை முகங்களும் அவனையே பார்த்தன. மழை இரைந்தது. வெளியே அசைந்த உதட்டைத்தான் பார்த்தானா? குரலும் கேட்டதா? எது முதலில்? "வெளிய இருந்துதான்னு நெனைக்கிறேன்" என்றான்.

"நெனைக்கிறியா?" என்றார் கங்காணி.

யாருடைய கையோ முட்டுக்கோலைத் தட்டிவிட்டது.

பலகை இறங்கியது.

ஐயாசாமி தன் விரல்களை மட்டும் இழுத்துக்கொண்டான்.

வெளியே ஒரு சத்தம். மனுஷி சத்தம்தான். பிறகு மழை.

பலகை முழுசாக மூடவில்லை. கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் எட்டு விரல்கள் இருந்தன. நகம் வெளுத்திருந்தது. விடவில்லை. ஜனங்கள் பலகையில் தோளைக் கொடுத்து அழுத்தினார்கள். கிருஷ்ணம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

உள்ளே இருந்தவள் எழுந்தாள். ஜனங்கள் வழி விட்டார்கள். நடந்த இடமெல்லாம் சட்டங்களில் தண்ணீர் ஓடியது. ஐயாசாமிக்குப் பக்கத்தில் வந்து, அவன்மேல் லேசாகச் சாய்ந்து, சன்னலுக்கு முன்னால் மண்டி போட்டாள். அவசரமே இல்லை. காலை வேளையில் பால் பிடிக்கும் மங்கில் ஒட்டிய கட்டிப்பாலை உரித்தெடுப்பதுபோல, ஓரத்திலிருந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினாள்.