பதினாலு மோட்டார், ஒரு பிணம்

"ஐயோ... என்ஜினீயரய்யா!"

ராயபுரம் ஐஸ் ஃபாக்டரியின் பின்கட்டிலிருந்து அலறினாள், கூலிக்காரி கெங்கம்மா.

மின்சார என்ஜினீயர் சவேரிமுத்து ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பேனர்...

லைன்மேன் துரையின் ஸ்பேனர்!

இன்ஸ்பெக்டர் லியாகத் அலி வந்து சேர்வதற்குள் ஏட்டு, துரைக்கு விலங்கே மாட்டிவிட்டார். 1951 மே மாத வெயில். இந்த வாரத்தில் மூன்றாவது பிணம். இன்ஸ்பெக்டருக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"நா இல்ல சார்! பைய இங்க வெச்சிட்டு டீ குடிக்கப் போனேன். தூக்குல போட்ருவாங்களா சார்? வூட்ல பூவம்மா மாசமா கீது சார்!"

"அழாதய்யா. இங்க உனக்கு என்ன வேலை?"

"டி.சி. கரண்ட எடுத்துட்டு ஏ.சி. குட்த்துகினு கீறோம் சார். டி.சி. ரொம்ப தூரம் போவாதாம், வழியிலயே தேஞ்சி பூடுமாம். ஏ.சி.ன்னா மேட்டூர்லேர்ந்தே இட்டாரலாம், செலவு கம்மின்னு என்ஜினீயரய்யா சொல்வாரு. நேத்து சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்கு மட்டும் மாத்திட்டோம். மோட்டாருங்கதான் பாக்கி."

லியாகத் அலி பெருமூச்சு விட்டார். துரையையும் இழுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலாளி ஜெயவேல் வியர்த்துக்கொண்டிருந்தார். ஏ.சி. வந்தால் செலவு கம்மியாமே என்று கேட்டார் லியாகத் அலி.

"செலவு கம்மியா? யாருக்கு சார் கம்மி?" ஜெயவேல் பொரிந்தார். "அவங்க கம்பிய மாத்திட்டுப் போயிடுவாங்க. என் பதினாலு மோட்டாரும் டி.சி.! ஏ.சி. வந்தா அத்தனையும் பழைய இரும்பு. புதுசு நான்தானே வாங்கணும்? ஐஸ் விலைய ஏத்துனா மீன்காரங்க சும்மா விடுவாங்களா?"

"அதுக்காக ஆளையே முடிச்சிட்டீங்களா?"

"நானா? நேத்து பூரா காஞ்சிபுரத்துல கல்யாணம் சார்! காலைல வந்தவன் இந்த நாற்காலிய விட்டே எழுந்திருக்கல. ஃபேன் ஓடிக்கிட்டிருந்தது. அது போடற சத்தத்துல பின்கட்டுல என்ன நடந்தாலும் கேக்காது."

லியாகத் அலி அண்ணாந்து பார்த்தார்.

சுவரோரம் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

'உம்ம்ம்...'

சுற்றவில்லை! கருகல் நாற்றம்... புகை!

ஜெயவேலின் முகம் வெளுத்தது. "லைட்டு... லைட்டு எரியுதே..."

"லைட் எந்தக் கரண்ட்லயும் எரியும். உங்க டி.சி. ஃபேன் ஏ.சி.ல சுத்தாது. போன வாரம் எங்க ஸ்டேஷன் ஃபேனும் இப்படித்தான் போச்சு. புதுசு கேட்டு எழுதியிருக்கேன்... வர்றதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஓடாத ஃபேன் கீழ யாருய்யா உக்காந்திருந்தது?"

ஜெயவேல் தொப்பென்று சரிந்தார்.

"இந்தாள் போனா... இந்த ஏ.சி. வேலை ரெண்டு வருஷமாவது தள்ளிப்போகும்னு நினைச்சேன். 'ஒரு விஷயம் சொல்லணும்'னு ஆரம்பிச்சார்... திரும்பறப்போ அடிச்சிட்டேன்..."

"அய்யோ மொதலாளி!" துரை கதறினான். "அவரு சண்டைக்கு வர்ல! புது மோட்டார் செலவுல பாதிய சர்க்காரே குடுக்கும்னு மேல பேசி வாங்கிகினு வந்தாரு. அத்த சொல்லத்தான் உன்னாண்ட வந்தாரு!"

ஜெயவேல் தலையில் அடித்துக்கொண்டார். பாவம் சவேரிமுத்து... நல்ல சேதி கொண்டுவந்த மனிதரைப் பேசக்கூட விடவில்லை.

லியாகத் அலி துரையின் விலங்கைக் கழற்றினார். முதலாளியின் கையில் மாட்டினார்.

"பாதிச் செலவுதான் கிடைக்கிறதா இருந்தது, முதலாளி. இனிமே உங்க சாப்பாடு, துணிமணி, கடைசிக் கயிறு வரைக்கும்... முழுச் செலவும் சர்க்காரோடதுதான்!"