வியர்த்த துப்பாக்கி

மேசைமேல் கிடந்த துப்பாக்கிக்கு வியர்த்திருந்தது.

ஜோலீன் குனிந்து பார்த்தாள். நாற்காலியில் சரிந்து கிடந்த ஆர்வில் காலையிலேயே செத்துப்போனவர். உடம்பு விறைத்து, சட்டையில் இரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் எண்ணெய்ப் புட்டி, துடைக்கும் துணி. மான் வேட்டைக் காலத்தில் இப்படி ஒரு சாவாவது வராமல் போகாது. துடைக்கும்போது வெடித்துவிட்டது, விபத்து என்று கையெழுத்துப் போடவேண்டியதுதான் மாவட்ட மரண விசாரணை அதிகாரியான அவளுக்கு மிச்ச வேலை. ஷெரிஃபின் ஆள் வழியில் பனியில் மாட்டிக்கொண்டதால் தனியாகத்தான் வந்திருந்தாள்.

"போட்டது போட்டபடி கிடக்கு. காலையிலேருந்து நான் கிட்டவே போகலை," என்றாள் ஆர்விலின் மனைவி மார்லிஸ். வாசலிலேயே, "பூட்ஸைக் கழட்டுடி, தரையை இப்பத்தான் துடைச்சேன்," என்று அதட்டியவள். பூட்ஸோடு யார் வீட்டுக்குள்ளும் நடக்கிற பழக்கம் மொன்டானாவின் இந்தப் பக்கத்தில் கிடையாது. ஜோலீனும் யோசிக்காமல் கழற்றிவிட்டாள்.

அடுப்பில் விறகு சடசடத்தது. காபி வாசனை, எண்ணெய் நெடி, இரண்டுக்கும் அடியில் இரத்தத்தின் இரும்பு வாடை. ஜோலீனின் அப்பா வீட்டிலும் பனிக்காலத்தில் துப்பாக்கி வெளி வராந்தாவில்தான் தொங்கும். கணகணப்புக்குள் கொண்டுவந்தால் குளிர்ந்த இரும்பில் நீர் கோத்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் காய்ந்தும் விடும். இது காயவில்லை.

அப்படியென்றால் மேசைக்கு இது வந்தது இப்போதுதான். அவள் கார் விளக்கு வளைவில் தெரிந்த பிறகு.

"காலையிலேருந்து இங்கேயேவா கிடக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. நுணலும் தன் வாயால் கெடும்.

காபி ஊற்றிக்கொண்டிருந்த மார்லிஸ் நிறுத்தினாள். ஈரக் குழலைப் பார்த்தாள். பிறகு ஜோலீனை.

"அப்படியே உங்கப்பனை உரிச்சு வெச்சிருக்கே. எதையும் விடமாட்டே," என்று சிரித்தாள். "உக்காரு. சர்க்கரை எடுத்துட்டு வரேன்."

சர்க்கரை மேசைமேல்தான் இருந்தது.

வராந்தாக் கதவு திறந்தது. குளிர் கணுக்காலைத் தொட்டது. போன் கோட்டில். கோட்டு வராந்தாவில். பூட்ஸும் அங்கேதான். ஜோலீன் பின்கதவுக்கு ஓடினாள். துடைத்த தரையில் காலுறை வழுக்கியது. கதவு பூட்டியிருந்தது. சாவி இல்லை.

முதுகுக்குப் பின்னால் வராந்தாக் கதவு சாத்தப்பட்டது.

திரும்பினாள்.

மார்லிஸ் கையில் இன்னொரு துப்பாக்கி. அவளை நோக்கி நீண்ட கரிய குழல்மேல், அடுப்பின் சூட்டில், முதலில் மங்கலாகப் படர்ந்து, பிறகு முத்து முத்தாக, வியர்வை அரும்பிக்கொண்டிருந்தது.