டொய்ங்கை அறுத்தது யார்?

கலைமதிக்கு அக்கா மேல்தான் சந்தேகம்.

நேற்றுச் சாயங்காலம் அவள் கிட்டார் வாசித்து லேப்டாப்பில் பதிவு செய்தாள். கடைசித் தந்தியை மெல்ல மீட்டிவிட்டு, அந்த நாதம் தானாகத் தேய்ந்து மறையும்வரை அசையாமல் இருந்தாள். இன்று காலை போட்டுக் கேட்டால், முடிவையே காணோம்! 'டொய்ங்ங்ங்' என்று இழுக்க வேண்டியது, அரிவாளால் அறுத்ததுபோல் 'டொய்' என்று நின்றது.

விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு இன்று ஆறு மணிக்குள் பதிவை அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஆட்களை எடுப்பார்கள். திண்டிவனத்தில் அவள் பள்ளியிலிருந்து பெயர் கொடுத்தது அவள் ஒருத்திதான்.

லேப்டாப் அக்கா கலையரசியுடையது. கலைமதி கிட்டாரைத் தொட்டாலே, "ஆரம்பிச்சிட்டியா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அக்கா வெளியே நழுவிவிடுவாள். போகும்போது ஒரு திருட்டுப் பார்வை வேறு.

"அக்கா, என் பதிவுல கை வெச்சியா?"

"உன் டொய்ங் டொய்ங்கை நான் இன்னாடி பண்ணப் போறேன்?"

பதில் ரொம்ப வேகமாக வந்தது. சந்தேகம் இன்னும் கூடியது.

பள்ளி விட்டு வந்ததும் மறுபடி வாசித்தாள். அக்கா வழக்கம்போல் நழுவினாள். வாசித்து முடித்ததும் கலைமதி லேப்டாப்பை மூடினாள். பின்னலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டு மூடியின் ஓரத்தில் ஒட்டினாள். யார் திறந்தாலும் முடி விழுந்துவிடும். பிறகு அடுப்படியில் ஒளிந்து, வறுத்த மல்லாட்டையை ஒவ்வொரு கடலையாகத் தின்றுகொண்டே கதவிடுக்கில் கண் வைத்தாள்.

அக்கா வந்தாள். லேப்டாப் பக்கம் குனிந்தாள். கலைமதி மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏண்டி, இது மேல முடி கெடக்குது பாரு! தலையை ஒழுங்கா சீவினா இன்னா?"

தொடாமலே போய்விட்டாள்.

கலைமதி ஓடிவந்து பார்த்தாள். முடி அப்படியே இருந்தது. பதிவைப் போட்டாள்.

'டொய்.'

யாரும் திறக்கவில்லை. அப்படியானால் அறுக்கிற ஆள் உள்ளேதான் இருக்கிறது!

பதிவுச் செயலி திரையில் காட்டிய திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'நாய்ஸ் கேட்' என்ற திருகு கடைசிவரை முறுக்கியிருந்தது. அது ஒரு காவல்காரன் மாதிரி. பெரிய சத்தம் வந்தால் திறந்துவிடும். சின்னச் சத்தம் வந்தால் மூடிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கிரைண்டர் இரைகிறதென்று நேற்று அதை முறுக்கியது யார்?

கலைமதியேதான்! கிரைண்டரோடு சேர்த்து, தேய்ந்து வந்த நாதத்தையும் கேட் மூடி மறைத்துவிட்டது.

அவளுக்கு முகம் சுட்டது. கேட்டை முழுக்கத் திறந்தாள். பக்கத்தில் 'கம்ப்ரசர்' இருந்தது. ஓங்கி வரும் சத்தத்தை அது அமுக்கும். மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் காட்டும். அதையும் கொஞ்சம் கூட்டி, அதே பதிவை மறுபடி போட்டாள்.

டொய்ங்ங்ங்... நாதம் முழுசாக வந்தது. கூடவே, அவள் வாசித்தபோது ஜன்னலுக்கு வெளியே யாரோ கிசுகிசுத்ததும் பதிவில் கேட்டது.

"கண்ணையண்ணே, ஆட்டோவ இப்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. என் தங்கச்சி வாசிச்சிக்கினு இருக்குது."

"தெனமும் உன்னோட பேஜாரா போச்சும்மா!"

"ரெண்டே நிமிஷம்ணே... சூ! சூ! கோழி, அந்தாண்ட போ!"

அக்காவின் குரல்!

மணி ஐந்தேகால். கலைமதி வெளியே ஓடினாள்.

"அக்கா, இன்னொரு வாட்டி வாசிக்கப் போறேன். ஆட்டோவ நிறுத்தி வெக்கிறியா? ஆனா பேசாத, கையைக் காட்டு போதும்."

அக்கா திருதிருவென்று விழித்தாள். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"கேட்டுச்சி. நீதான் அறுக்கிறேன்னு நெனச்சிட்டேன்க்கா."

"அடிப்பாவி!" தலையில் ஒரு குட்டு விழுந்தது. வலிக்கவே இல்லை.

கேட்டை இலேசாக மட்டும் முறுக்கி வைத்தாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். ஆட்டோவும் நின்றது, கோழியும் நின்றது. ஐந்தே முக்காலுக்கு, கடைசி நாதத்தின் கடைசித் துளியோடு பதிவு விழுப்புரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா குரல் விழுந்த பழைய பதிவை அவள் அழிக்கவில்லை. அதற்கு 'கலையரசி' என்று பெயர் வைத்தாள்.

"என் பேரு எதுக்குடி? நான் வாசிக்கவே இல்லியே!"

"போட்டுக் கேளுக்கா. 'கோழி, அந்தாண்ட போ'ன்னு பாட்டை முடிக்கிறதே நீதான்!"