நல்ல கறுப்பு

புது டிவியின் கறுப்புக்குள் ஏதோ ஒன்று அதைவிடக் கறுப்பாக இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. டிவிகளைச் சோதித்து விமர்சனம் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. பழைய டிவியில் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிவதால் கறுப்பு சாம்பலாகத்தான் கசியும். புதியதில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணைந்துவிடும், அதற்குமேல் கறுப்பு கிடையாது. பட்டப்பகலில் ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, இரண்டையும் அருகருகே வைத்து, வெறும் கறுப்புப் படத்தை ஓடவிட்டிருந்தான். கம்பளியின் புழுக்க வாடையில் சூடான பிளாஸ்டிக் நாற்றம் கலந்திருந்தது. பின்னால் சோபாவில் ஆறு வயது மகள் காலாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

"இடது பக்கம்?"

"சாம்பல்."

"வலது?"

"நல்ல கறுப்பு." எப்போதும் ஆடும் விளையாட்டுதான். ஆனால் இன்று குரல் உள்ளே போயிருந்தது.

புது டிவியின் கண்ணாடியை உற்றுப் பார்த்தான். பழைய டிவியின் மங்கல் வெளிச்சத்தில் சோபா அதில் லேசாகத் தெரிந்தது. வாலு தெரிந்தாள். சோபாவின் மறு ஓரத்தில் வெளிச்சமே திரும்பி வராத ஒரு திட்டு. சட்டென்று திரும்பினான். மகள் மட்டும்தான் இருந்தாள்.

பிரதிபலிப்புக் கோளாறாக இருக்கும். பழையதை அணைத்தால் தெரிந்துவிடும். ரிமோட்டை எடுத்தான்.

"அத அணைக்காதீங்கப்பா."

"ஒரே நிமிஷம்டா கண்ணு."

"அணைச்சா அது கிட்ட வந்துடும்."

"பயந்தாங்கொள்ளி," என்று சிரித்தான். சோபாவை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. அழுத்தினான்.

இருட்டு.

சோபா கிறீச்சிட்டது. ஒருமுறை.

காலாட்டும் சத்தம் நின்றது.

"வாலு?"

இருட்டில் சோபாப் பக்கம் திரும்பினான்.

"வாலு!"

விரல் பட்டனைத் தேடியது. வழுக்கியது. கிடைத்தது. பழைய டிவிக்கு உயிர் வர எப்போதும் நேரமாகும். அதற்குள் அவன் அழுதேவிட்டான்.

சாம்பல் வெளிச்சம் மெல்லப் பரவியது. சோபா தெரிந்தது. தலையணை தெரிந்தது. கீழே கழன்று கிடந்த சின்னச் செருப்பு தெரிந்தது. மகள் இருந்த இடத்தில், மகளின் அளவில், ரெட்டைச் சடையோடு, வெளிச்சம் ஒட்டாத ஓர் உருவம் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்கப்பா," என்றது, வாலுவின் குரலில். "சாம்பலா, நல்ல கறுப்பா?"