ஏரிமேல் பெல்ட் போடக்கூடாது

இன்ஜினை அணைத்த பிறகும் ஹெட்போனில் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ரைலி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உறைந்துபோன முஸ்தயார்வி ஏரியின் நடுவே கார் நின்றது. மதியச் சாப்பாடு முடிந்ததுமே இருட்டிவிடுகிற மாதம். இன்ஜினில் ஒட்டியிருந்த குட்டி மைக்கின் ஒயர் ஜன்னல் வழியாக வந்து அவள் ஹெட்போனில் முடிந்தது. டர்போ தள்ளும் காற்றைக் கூட்டக் கூட்ட கார் சீறிப் பாயும். அளவு மீறினால் இன்ஜினுக்குள் தட்டும், பிஸ்டன் உடையும். அந்தத் தட்டலைக் காதால் பிடிப்பதுதான் அவள் வேலை. அணைத்த இன்ஜின் எப்படித் தட்டும்?

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தம்பி ஓஸ்கரி, அவள் பின்னிக்கொடுத்த சிவப்புக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டபடி. நாளை இந்தப் பனியில்தான் அவனுக்குப் பந்தயம்.

"செத்துப்போன ஹெய்மோவோட காரை நீ வாங்கியிருக்கவே கூடாதுடா."

"ஆரம்பிச்சிட்டியா. பனி உடைஞ்சுது, ஹெய்மோ முழுகிட்டாரு. கார் என்ன பண்ணும் பாவம்?"

"பெல்ட் போட்டுக்கிட்டா முழுகினாரு?"

இங்கே ஏரிமேல் யாரும் பெல்ட் போடமாட்டார்கள், ஜன்னலை ஏற்றமாட்டார்கள். பனி உடைந்தால் குதித்தாக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கரையிலேயே பிறந்து வளர்ந்த ஹெய்மோவை இந்தக் காரோடு வெளியே தூக்கியபோது, பெல்ட் இறுகப் பூட்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஏறியிருந்தன.

"ஒரே ஒரு ஓட்டம். அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்," என்றான் ஓஸ்கரி.

அவள் காற்றழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். கார் பாய்ந்தது, டர்போவின் விசில் ஏறி ஏறி மண்டைக்குள் போக, திறந்த ஜன்னலில் வந்த குளிர் கன்னத்தை அறுக்க, சூடான எண்ணெய் வாடைக்கு நடுவே எங்கிருந்தோ ஏரிச்சேற்றின் வாடை மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. தட்டல் வேகமெடுத்தது. உலோகச் சத்தமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுவதுபோல் இருந்தது.

"நிறுத்துடா. மைக்கைப் பாத்துட்டு வரேன்."

அவளுக்குப் பயமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே இறங்கி, பானெட்டைத் திறந்து மைக்கை எடுத்தாள். தடித்த கையுறையிலிருந்து நழுவி அது பனிமேல் விழுந்தது.

தட்டல் காதைப் பிளந்தது.

இன்ஜினில் இல்லை. கீழே.

மண்டியிட்டாள். கையுறையால் வெண்பொடியை விலக்கினாள். கண்ணாடிபோல் கறுத்த பனி. ஹெட்லைட் வெளிச்சம்.

அடியில் ஒரு உள்ளங்கை. தட்டுகிறது. சிவப்புக் குல்லா. ஓஸ்கரியின் முகம். வாய் அசைகிறது. அக்கா.

அவளுக்குப் பின்னால் கார் ஜன்னல் மெல்ல ஏறியது. கிளிக் என்று ஏதோ பூட்டிக்கொண்டது.

"ஏறுக்கா," காருக்குள்ளிருந்து தம்பியின் குரல் கூப்பிட்டது. "பெல்ட் போட்டுக்கோ."

அவள் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. பெல்ட்டை இழுத்து, பூட்டத் தயாராகப் பிடித்திருந்த கையிலிருந்து ஏரித்தண்ணீர் சொட்டியது.